பெரிய பழுதுக்குப் பணம்: மாதாமாதம் சேர்ப்பதா, வந்தபோது வசூலிப்பதா, கடன் வாங்குவதா?

குடியிருப்புச் சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் வண்டி நிறுத்தும் இடம், குப்பை, தண்ணீர், காவலாளி ஆகியவற்றைப் பற்றித்தான் அதிக நேரம் பேசப்படுகிறது. லிஃப்ட்டை மாற்றும் காலம் வந்தால் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நிகழ்ச்சி நிரலின் கடைசியில் இருக்கும். அது வருவதற்குள் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். மீதமிருப்பவர்கள் "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிடுவார்கள். சங்கம் எடுக்கும் முடிவுகளிலேயே அதிகச் செலவு வைக்கக்கூடியது இப்படி முடிவெடுக்காமல் விடுவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பதும் ஒரு தேர்வுதான். மற்றத் தேர்வுகளோடு வைத்து அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பொதுச் சொத்தின் செலவு இரண்டு வகை. துப்புரவு, மின்கட்டணம், ஊழியர் சம்பளம், லிஃப்ட்டின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவை மாதாமாதம் வருபவை. பணம் கட்டாவிட்டால் அடுத்த மாதமே வலிக்கும் என்பதால் யாரும் இவற்றை மறப்பதில்லை. மற்றது மெல்லத் தேயும் வகை. வெளிப்புறப் பூச்சு, மொட்டைமாடியின் நீர்க்கசிவுத் தடுப்பு, லிஃப்ட், மோட்டார், குழாய்கள், மின்பலகைகள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் இதில் அடங்கும். இவை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டே இருக்கின்றன, ரசீது மட்டும் பத்து இருபது ஆண்டுகள் கழித்து வருகிறது. இந்தக் கட்டுரை அந்த ரசீதைப் பற்றியது.

வாகன நிறுத்துமிடத்தின் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். எங்காவது ஒரு மெல்லிய விரிசலும் அதன் ஓரமாகப் பழுப்பு நிறக் கறையும் தெரிந்தால், ஈரம் உள்ளே போய்க் கம்பியைத் தொட்டுவிட்டது என்று பொருள். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். உள்ளிருந்து தள்ளும் அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உப்பிப் பெயர்ந்துவிடும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கெட்டியாக ஒலிக்கும், உப்பிய இடம் உள்ளீடற்ற ஓசை தரும். இந்த நிலையிலேயே கவனித்தால், பெயர்ந்ததை உடைத்தெடுத்து, கம்பியின் துருவை நீக்கி, பாதுகாப்புப் பூச்சு அடித்து, புதிய கலவையால் நிரப்பிவிடலாம். அதோடு ஈரம் வரும் வழியையும் அடைக்க வேண்டும். அப்படியே பல ஆண்டுகள் விட்டுவிட்டால் கம்பியே மெலிந்துபோகும். பிறகு முட்டுக்கொடுத்து, வண்டிகளை வெளியேற்றி, பொறியாளர் வரைபடத்தோடு வந்து நிற்கும் பெரிய வேலையாகிவிடும். சேதம் ஒன்றுதான், செலவு மட்டும் பல மடங்கு கூடியிருக்கும்.

அந்தச் செலவைச் சந்திக்க வழிகள் மூன்று. மாதக் கட்டணத்தோடு ஒரு பங்கைத் தனியாக வாங்கிச் சேமநிதியில் வைப்பது முதல் வழி. சிங்கிங் ஃபண்ட் என்றும் கார்பஸ் என்றும் சங்கங்களில் இதைத்தான் சொல்கிறார்கள். தேவை வந்தபோது எல்லா வீட்டுக்காரர்களிடமும் சிறப்பு வசூல் செய்வது இரண்டாவது வழி. சங்கத்தின் பெயரில் கடன் வாங்கித் தவணையில் அடைப்பது மூன்றாவது வழி.

வந்தபோது வசூலிக்கலாம் என்பவர்களின் வாதம்

இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான சங்கங்கள் கேட்காமலேயே போய்ச் சேரும் இடம் இதுதான். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. என் பணம் என்னிடம் இருக்கட்டும், சங்கத்தின் கணக்கில் குறைந்த வட்டிக்கு ஏன் கிடக்க வேண்டும்? பெரிய தொகை ஒரே இடத்தில் குவிந்தால் யாராவது கை வைப்பார்கள். என்ன வேலை, எவ்வளவு ஆகும் என்பது கையில் விலைப்புள்ளியோடு தெரிந்த பிறகு வசூலிப்பதுதான் துல்லியம். மூன்றுமே புத்தியுள்ளவர்கள் சொல்லும் காரணங்கள்.

ஆனால் வசூல் நாளன்று நடப்பதைப் பாருங்கள். லிஃப்ட்டை மாற்ற வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்படுகிறது. போன மாதம்தான் வீட்டுக்கடன் போட்டு வாங்கிக் குடிவந்தவர் கையில் மிச்சம் எதுவும் இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு அது பல மாத வருமானம். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர் போனை எடுப்பதில்லை. தரைத்தளத்தில் இருப்பவர், "நான் லிஃப்ட்டில் ஏறியதே இல்லையே, எனக்கெதற்கு?" என்று எழுந்து கேட்கிறார். அடுத்த ஆண்டு விற்றுவிட்டுப் போகப்போகிறவர், இன்னும் ஓராண்டு ஓட்டலாம் என்று வாதிடுகிறார். அறுபது விழுக்காடு பணம் வருகிறது, மீதி வரவில்லை. வேலையைத் தொடங்கவும் முடியாது, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வராது. செயலாளர் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறார். லிஃப்ட் அதுவரை பழைய கம்பிவடத்திலேயே ஏறி இறங்குகிறது.

இதைவிடப் பெரிய குறை நியாயம் சம்பந்தப்பட்டது. இருபது ஆண்டுகள் அந்த லிஃப்ட்டைப் பயன்படுத்தித் தேய்த்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். அவர் தேய்த்ததற்கு நேற்று வந்தவர் மொத்தமாகக் கொடுக்கிறார். சிறப்பு வசூல் என்பது செலவைப் பங்கிடும் முறையே அல்ல, செலவு வெடிக்கும் நாளில் யார் வீட்டுக்காரராக இருக்கிறாரோ அவர் தலையில் இறக்கிவைக்கும் முறை. சேமநிதியை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணம் வட்டியோ வசதியோ அல்ல, இதுதான்.

தள்ளிப்போடுதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைட் என்ற கடலோர ஊரில் நடந்ததை எல்லாச் சங்கங்களும் படிக்க வேண்டும். சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்பது 1981இல் கட்டப்பட்ட 12 மாடிக் கட்டடம், 136 வீடுகள். 2018இல் ஆய்வு செய்த பொறியாளர், நீச்சல்குளத் தளத்தின் நீர்க்கசிவுத் தடுப்பு செயலிழந்துவிட்டதையும், தளம் சரிவு இல்லாமல் மட்டமாகப் போடப்பட்டதால் தண்ணீர் வடியாமல் நின்று அடியிலிருந்த கான்கிரீட்டுக்குப் பெருஞ்சேதம் ஏற்பட்டிருப்பதையும் எழுதிக் கொடுத்தார். மதிப்பீடு சுமார் 90 லட்சம் டாலர். சங்கத்தின் கையிருப்பு அதன் பக்கத்தில்கூட இல்லை. யார் எவ்வளவு கொடுப்பது என்ற சச்சரவு நீண்டது, நிர்வாகக் குழுவில் பலர் பதவி விலகினார்கள். 2021 ஏப்ரலில் குழுவின் தலைவர் வீட்டுக்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில் சேதம் மோசமாகிவிட்டது என்றும் செலவு சுமார் 150 லட்சம் டாலராகிவிட்டது என்றும் விளக்க வேண்டியிருந்தது. அந்தச் சிறப்பு வசூல் தொடங்கவிருந்த நேரத்தில், ஜூன் 24 அதிகாலையில், கட்டடத்தின் ஏறத்தாழப் பாதி இடிந்து விழுந்து 98 பேர் இறந்தார்கள்.

இடிந்ததற்குப் பணம் சேர்க்காதது மட்டும் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. நீச்சல்குளத் தளத்தின் வடிவமைப்பே தொடக்கத்திலிருந்து விதிகள் கேட்ட வலிமைக்குக் குறைவாக இருந்தது என்பதை அமெரிக்க அரசின் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. ஆனால் அறிக்கை கைக்கு வந்த பிறகு கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் முக்கிய வேலை தொடங்கவில்லை. பணம் தயாராக இருந்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகள் வேறு மாதிரிப் போயிருக்கும்.

அந்தக் கட்டடம் இடிவதற்கு முன் ஃபுளோரிடாவில், இந்த ஆண்டு சேமநிதி வேண்டாம் என்று வீட்டுக்காரர்கள் பெரும்பான்மை வாக்கால் தீர்மானிக்கச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. பல கட்டடங்கள் ஆண்டுதோறும் அப்படியே வாக்களித்துவந்தன. 2022இல் வந்த சட்டம் மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிகளுக்குக் கட்டமைப்பு ஆய்வைக் கட்டாயமாக்கியது. கூரை, தாங்கு உறுப்புகள், நீர்க்கசிவுத் தடுப்பு போன்றவற்றுக்கான நிதியை வாக்களித்துத் தள்ளுபடி செய்யும் வழியையும் அது அடைத்தது. விளைவாகப் பல வீடுகளில் கட்டணம் திடீரென்று எகிறியது, 2025இல் சில தளர்வுகள் கொடுக்கும்படி ஆயிற்று. பல ஆண்டுகள் கட்டாமல் விட்டது ஒரே நேரத்தில் வந்து நின்றால் அப்படித்தான் இருக்கும்.

சேமநிதியின் கணக்கு

கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டடத்தில் 50 வீடுகள். லிஃப்ட் மாற்ற 24 லட்சம், ஆயுள் 24 ஆண்டு. வெளிப்பூச்சும் வண்ணமும் 12 லட்சம், 6 ஆண்டுக்கு ஒருமுறை. மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு 10 லட்சம், 10 ஆண்டுக்கு ஒருமுறை. ஆண்டுக்கு ஆகும் தேய்மானம்: லிஃப்ட்டுக்கு 1 லட்சம், வண்ணத்துக்கு 2 லட்சம், மொட்டைமாடிக்கு 1 லட்சம், மொத்தம் 4 லட்சம். வீட்டுக்கு ஆண்டுக்கு 8,000, மாதத்துக்கு 670க்கும் குறைவு.

எதுவும் சேர்க்காத கட்டடத்துக்கு 24ஆம் ஆண்டில் லிஃப்ட்டும் நான்காவது முறை வண்ணமும் ஒன்றாக வந்து நிற்கும். 36 லட்சம், வீட்டுக்கு 72,000, அதுவும் ஒரே மூச்சில். மாதம் 670ஐ அதிகம் என்று தள்ளிய அதே கூட்டம் இதைக் கேட்டு அதிர்ந்துபோகும்.

நிதி போதுமானதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பொருளும் இன்றைக்கு எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த அளவு பணம் கணக்கில் இருக்க வேண்டும். 12 ஆண்டு ஓடிய லிஃப்ட்டுக்கு 12 லட்சம், 4 ஆண்டான வண்ணத்துக்கு 8 லட்சம், 7 ஆண்டான மொட்டைமாடிக்கு 7 லட்சம், ஆக 27 லட்சம். வங்கியில் 9 லட்சம் இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் இந்தத் துறையில் இருப்பவர்கள் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வலுவான நிலை என்றும், 30க்குக் கீழே போனால் சிறப்பு வசூல் எந்நேரமும் வரலாம் என்றும் கணிக்கிறார்கள். வீடு வாங்கப் போகிறவர்கள் தரையும் சுவரும் பார்ப்பதோடு இந்த விழுக்காட்டையும் கேட்டு வாங்க வேண்டும். சங்கத்தால் அதைச் சொல்ல முடியவில்லை என்றால் அதுவும் பதில்தான்.

விலைவாசி சும்மா இருக்காது. ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரண்டு மடங்காகிவிடும். ஆகவே கட்டணமும் ஆண்டுதோறும் ஏற வேண்டும். இங்கேதான் பல சங்கங்கள் சறுக்குகின்றன. தொடக்கத்தில் நல்ல தொகையாக நிர்ணயித்துவிட்டு, அதைப் பத்து ஆண்டுகள் தொடாமல் வைத்திருப்பார்கள்.

ஜப்பானின் அனுபவம் இதில் பயனுள்ளது. அங்கே அடுக்குமாடிகளில் பெரும்பழுது நிதி தனியாக வாங்கப்படுகிறது. 12 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டிப் பெரிய அளவில் பழுதுபார்க்கிறார்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு, அதில் இரண்டு பெரும்பழுதுகள் அடங்கும்படி, திட்டம் போட வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். நிதி சேர்க்க இரண்டு முறைகள் உண்டு. முதல் நாளிலிருந்தே ஒரே அளவு வாங்குவது ஒன்று, குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவது மற்றொன்று. விற்கும் நிறுவனங்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், மாதச் செலவு குறைவாகத் தெரிந்தால் வீடு சுலபமாக விற்கும். ஆனால் பின்னால் வரும் படிகளில் குடியிருப்பவர்கள் ஏற மறுத்தார்கள். உயர்த்தும் தீர்மானம் தோற்றது, திட்டம் தாளிலேயே நின்றது. அதனால் 2024இல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. சம அளவு முறையில் வரும் தொகையோடு ஒப்பிட, தொடக்கத் தொகை அதில் 0.6 பங்குக்குக் குறையக்கூடாது, கடைசித் தொகை 1.1 பங்கைத் தாண்டக்கூடாது. ஏறும் படி செங்குத்தாக இருந்தால் யாரும் ஏற மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்ட விதி அது. எந்த நாட்டுச் சங்கமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சேமநிதிக்கு எதிரான வாதங்களில் கனமானது, பணத்தில் கை வைப்பார்கள் என்பதுதான். இதைப் பூசி மெழுகக் கூடாது. பூட்டு இல்லாத நிதி நிச்சயம் கரையும். திருட்டு என்று இருக்க வேண்டியதில்லை. இந்த மாதம் சம்பளத்துக்குப் பற்றவில்லை, அதிலிருந்து எடுத்து அடுத்த மாதம் போட்டுவிடலாம் என்ற நல்லெண்ணமே போதும். ஆகவே தனி வங்கிக் கணக்கு வேண்டும். இருவர் கையெழுத்து வேண்டும். அவர்கள் இருவரும் ஒரே குடும்பமாகவோ ஒப்பந்ததாரருக்கு வேண்டியவர்களாகவோ இருக்கக்கூடாது. பெரும்பகுதியை அடுத்தடுத்த ஆண்டுகளில் முதிரும் வைப்புகளாகப் பிரித்துப் போட வேண்டும், பங்குச் சந்தையின் பக்கம் போகவே கூடாது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் எடுக்கப் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். வங்கி அறிக்கையின் நகல் அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் ஒட்டப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் செய்தாலே பாதிச் சந்தேகம் போய்விடும் என்பேன்.

பல நாடுகளில் சட்டமே இந்தப் பிரிப்பைக் கேட்கிறது. சிங்கப்பூரின் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிர்வாக நிதி வேறு, சிங்கிங் ஃபண்ட் வேறு. அடுக்குமாடிச் சொத்துரிமைக்கு 1961இலேயே தனிச்சட்டம் இயற்றிய ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், இன்று 10 ஆண்டுத் திட்டத்தோடு கூடிய மூலதனப் பணி நிதியைக் கேட்கிறது. பிரான்ஸில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் குறைந்தது 5 விழுக்காட்டைப் பணி நிதிக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்த 5 விழுக்காடு வெறும் தொடக்கம்தான், பழைய கட்டடத்துக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

"நான் விற்றுவிட்டுப் போனால் கட்டிய பணம் போய்விடுமே" என்று இன்னொரு கேள்வி எழும். போவதில்லை. நீங்கள் தேய்த்ததற்கான விலையைக் கொடுத்திருக்கிறீர்கள். நிதி நிறைந்த கட்டடம், வரப்போகும் வசூல் இல்லாத கட்டடம் என்பதை வாங்குபவரிடம் காட்டி விலை பேசவும் முடியும்.

கடன் எப்போது சரி

சங்கத்துக்குக் கடன் கிடைப்பது சுலபமல்ல. பொதுப்பகுதியை அடமானம் வைக்க முடியாது, அது எல்லாருடைய சொத்து. இதற்கெனக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் இனி வரப்போகும் மாதக் கட்டணத்தை நம்பித்தான் கொடுக்கிறார்கள். பாக்கி அதிகமுள்ள சங்கத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அதாவது, மாதக் கட்டணத்தைச் சரியாக வசூலிக்கும் சங்கத்துக்கே கடன் கிடைக்கும்.

மேலே சொன்ன 36 லட்சத்தை 12 விழுக்காடு வட்டிக்கு 5 ஆண்டுத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 80,000 கட்ட வேண்டும், வீட்டுக்கு 1,600. ஐந்து ஆண்டு முடிவில் கட்டியது 48 லட்சம். வட்டி மட்டுமே 12 லட்சம், அந்தக் கட்டடத்துக்கு ஒருமுறை வண்ணமடிக்கும் செலவு. கடன் அடையும்வரை அடுத்த பழுதுக்கும் எதுவும் சேராது.

இருந்தும் கடனை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, கையில் பணம் இல்லை என்றால் வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. பொறியாளர் உடனடி என்று எழுதிக் கொடுத்த வேலையைத் தொடங்கக் கடன் வாங்குவது சரியான முடிவு. அதிலும் ஒரு கலப்பு முறை நன்றாக வேலை செய்கிறது. முடிந்தவர்கள் தங்கள் பங்கை மொத்தமாகக் கட்டிவிடுவார்கள், முடியாதவர்களின் பங்குக்கு மட்டும் சங்கம் கடன் வாங்கி, அசலையும் வட்டியையும் அவர்களிடமே மாதாமாதம் வாங்கும். ஓய்வூதியக்காரர் வீட்டை விற்க வேண்டியதில்லை, கையில் பணம் இருப்பவர் தேவையில்லாத வட்டியைச் சுமக்க வேண்டியதும் இல்லை.

சிறப்பு வசூலுக்கும் உரிய இடம் உண்டு. இடி, வெள்ளம் போன்றவற்றில் காப்பீடு கொடுக்காத மிச்சம், புதிதாக வந்த அரசு விதிக்கான செலவு, பழுதல்லாத புதிய வசதி ஆகியவற்றுக்கு அதுவே பொருத்தம். சூரியஒளி மின்தகடும் வண்டி மின்னேற்றியும் தேய்மானக் கணக்கில் இருந்தவை அல்ல. அவற்றைச் சேமநிதியில் எடுத்துச் செய்தால் லிஃப்ட்டின் பணத்தில் கை வைத்ததாகிவிடும். நான்கைந்து வீடுகள் மட்டுமே உள்ள, எல்லாரும் உரிமையாளர்களாகவே குடியிருக்கும் சிறு கட்டடத்திலும் வந்தபோது பகிர்ந்துகொள்வது ஓடிவிடும், ஒருவர் விற்கும்வரை.

யாருக்கு எவ்வளவு பங்கு

எந்த வழியானாலும் பங்கீடு பற்றிய சண்டை வரும். வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகவா, பரப்பளவுப்படியா? தரைத்தளத்துக்காரரின் லிஃப்ட் கேள்விக்கு நாடுகளே வெவ்வேறு பதில் சொல்கின்றன. பிரான்ஸில் 1965ஆம் ஆண்டுச் சட்டம் லிஃப்ட் போன்ற பொது வசதிகளின் செலவை ஒவ்வொரு வீட்டுக்கும் அதனால் கிடைக்கும் பயனை வைத்துப் பிரிக்கச் சொல்கிறது. அங்கே கீழ்த்தளத்துக்காரர் பெரும்பாலும் லிஃப்ட்டுக்குக் கொடுப்பதில்லை, மேலே போகப்போகப் பங்கு கூடும். சிங்கப்பூரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு மதிப்பின்படி எல்லாரும் கொடுக்கிறார்கள், ஏறினாலும் ஏறாவிட்டாலும்.

கட்டடத்தின் உடலுக்கான செலவு பரப்பளவுப்படியும், காவல், துப்புரவு போன்றவை வீட்டுக்குச் சமமாகவும் இருப்பது நியாயம் என்று எனக்குப் படுகிறது. லிஃப்ட்டை உடலின் பகுதியாகவே கருதுவேன். கீழ்த்தள வீட்டின் மதிப்பும் அந்தக் கட்டடம் முழுவதும் வாழத்தக்கதாக இருப்பதைப் பொறுத்தது. வேறு விதமாகப் பிரித்தாலும் குற்றமில்லை. ஆனால் அது துணைவிதியில் ஒருமுறை எழுதப்பட்டு அங்கேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு வசூலுக்கும் புதிதாகப் பேரம் தொடங்கினால் எந்த வேலையும் நடக்காது. சட்டமே முறையைச் சொல்லியிருக்கும் நாட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

கையில் ஒன்றும் இல்லாத சங்கம்

பெரும்பாலான சங்கங்கள் இந்த நிலையில்தான் இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுக் கட்டடம், சேமநிதியே இல்லை அல்லது பெயருக்கு இருக்கிறது. 27 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 9 லட்சம் இருந்தால், பள்ளத்தை ஒரே ஆண்டில் நிரப்பப் பார்க்காதீர்கள். கூட்டம் தீர்மானத்தைத் தோற்கடித்துவிடும், அடுத்த மூன்று ஆண்டுகள் யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

முதலில் பட்டியல் போடுங்கள். பொதுச் சொத்து ஒவ்வொன்றும், எந்த ஆண்டு வைத்தது, எவ்வளவு நாள் வரும், இன்று மாற்றினால் என்ன விலை என்று ஒரே தாளில் எழுத வேண்டும். லிஃப்ட்டையும் மோட்டாரையும் பராமரிக்கும் நிறுவனங்களிடம் கேட்டாலே பாதி நிரம்பிவிடும். கான்கிரீட்டுக்கு மட்டும் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். பழுதுவேலையை எடுக்கப்போகும் ஒப்பந்ததாரரே ஆய்வையும் செய்யக்கூடாது, அவருக்கு எல்லாம் பெரிய வேலையாகத்தான் தெரியும். கட்டடம் புதிது என்றால் கட்டுநரின் பொறுப்புக் காலம் முடிவதற்குள் இந்த ஆய்வு நடந்துவிட வேண்டும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் காலத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு சேமநிதியில் எடுத்துச் செய்வது வீண்.

பட்டியல் கையில் இருந்தால் கூட்டத்தின் பேச்சே மாறும். "மாதம் 670 ஏன்?" என்ற கேள்விக்கு அந்தத் தாளைக் காட்டலாம். 24ஆம் ஆண்டின் 72,000ஐயும் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம். எடுத்த எடுப்பில் முழுத்தொகை முடியாது என்றால், ஜப்பானின் கணக்கைப் போல அதில் 0.6 பங்கு, ஏறத்தாழ 400இல் தொடங்கி, சில ஆண்டுகளில் முழுத்தொகைக்கு வரலாம். அதற்குள் பெரிய செலவு வந்துவிட்டால் வித்தியாசத்தைச் சிறப்பு வசூலிலோ கடனிலோ சமாளிக்கலாம். அப்போது அது பாதித் தொகைக்கான வசூலாக இருக்கும்.

தீர்மானத்தை எழுதும்போது இரண்டு வரிகளை விடாமல் சேர்க்கச் சொல்வேன். சேமநிதிப் பங்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட விழுக்காடு தானாக உயரும், அதை நிறுத்தத்தான் பொதுக்குழு கூட வேண்டும், உயர்த்துவதற்கு அல்ல என்பது ஒன்று. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டம் கேட்பதுபோல, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பித்து, அன்றைய விலைக்கு நிதி போதுமா என்று பார்ப்பது மற்றொன்று. கட்ட முடியாதவர்களுக்குத் தவணை கொடுப்பது பற்றியும், கட்டாத பாக்கி வீட்டை விற்கும்போது சங்கம் தரும் தடையின்மைச் சான்றுக்கு முன் தீர்க்கப்பட வேண்டும் என்பது பற்றியும் அதே தீர்மானத்தில் எழுதிவிட்டால், பின்னால் எந்தச் செயலாளரும் தனி மனிதராக நின்று ஒருவரிடம் கடுமை காட்ட வேண்டிய நிலை வராது.